கொசுறும் வாபஸும்



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் தமிழறிஞர்கள். நான் கணக்கு எழுதுகிறவன். நியூ ஜெர்சியில் சிறு வணிகர்களின் வரவு செலவைப் பார்த்து, வரி தாக்கல் செய்து கொடுப்பது என் பிழைப்பு. அழைப்பு வந்தபோது தயங்கினேன். ஆனால் நம் வீட்டுக் கார் நிறுத்தும் கொட்டகைகளிலும் நிலவறைகளிலும் நடக்கிற ஒரு வணிகத்தைப் பற்றி யாரும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை. அதனால் ஒப்புக்கொண்டேன். இணையச் சந்தையில் மொத்தமாக வாங்குவோருக்குக் கிடைக்கும் தள்ளுபடியும், வாங்கியதைத் திருப்பி அனுப்பும் வசதியும் சேர்ந்து, விற்கிறவரை என்ன செய்கின்றன என்பதுதான் இன்றைய பேச்சு.

என் அப்பா கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தார். முகூர்த்த மாதங்களில் சீர்ப் பாத்திரம் வாங்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். எவர்சில்வருக்கு எடைதான் விலை. குடம், அண்டா, தூக்கு, சம்புடம் என்று ஒவ்வொன்றாகத் தராசில் ஏறும். மொத்தத்தைக் கூட்டி, சில்லறையைத் தள்ளி, மேலே ஒரு குங்குமச் சிமிழோ இரண்டு டம்ளரோ வைத்துக் கொடுப்பார். அது கொசுறு. எவ்வளவு கொடுக்கலாம் என்பது அவர் கையில் இருந்தது. அந்த வாரத்து வியாபாரம் எப்படி என்று அவருக்குத்தான் தெரியும். பில்லின் அடியில் 'விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருக்கும். ஆனாலும் பெயர் வெட்டாத பாத்திரம் திரும்பி வந்தால் மாற்றிக் கொடுப்பார். பெயர் வெட்டிவிட்டால் முடிந்தது. அது இனி அந்தப் பெண்ணின் பாத்திரம்.

எதிர்ச்சாரியில் ஒரு தேங்காய் மண்டி. கல்யாணத்துக்கு முந்நூறு தேங்காய் எடுக்கிறவர், தாம்பூலப் பையில் போட்டது போக மிஞ்சியதைக் கொண்டுவந்து கொடுப்பார். மண்டிக்காரர் எண்ணிப் பார்த்து எடுத்துக்கொள்வார், விலையில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு. அரிசிக்கும் அப்படித்தான்: மூட்டை பிரிக்காமல் இருக்க வேண்டும். மொத்த விலையும் வாபஸும் நமக்குப் புதியவை அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். சரக்கு கைமாறுவதற்கு முன்பே இரண்டையும் பேசி முடித்துவிடுவார்கள். பேசுகிறவர் சரக்குக்குச் சொந்தக்காரர்.

இங்கே நம்மிடையே நடக்கும் வணிகத்துக்கு வருகிறேன். நவராத்திரி கொலுவுக்கும், சீமந்தத்துக்கும், பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் 'ரிட்டன் கிஃப்ட்' கொடுக்காத தமிழ் வீடு நியூ ஜெர்சியின் எடிசனிலோ கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டிலோ டெக்சாஸின் ஃப்ரிஸ்கோவிலோ இருக்காது. பித்தளைச் சிமிழ், சின்ன அகல், எவர்சில்வர் டப்பா, சணல் பை. நாற்பது, ஐம்பது என்று வாங்குகிறோம். நான் அறிந்தவரை இவற்றை விற்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எச்-1பி விசாவில் வந்தவர்களின் மனைவியர் பல ஆண்டுகள் வேலை செய்ய அனுமதியில்லாமல் வீட்டில் இருந்தார்கள். 2015 மே 26 முதல் நடைமுறைக்கு வந்த விதி, நிரந்தர வசிப்புரிமைக்கு வரிசையில் நிற்போரின் எச்-4 துணைவர்களுக்கு வேலை அனுமதி தந்தது. அந்த அனுமதி அட்டை கைக்கு வந்த சிலர் சொந்தமாகக் கடை போட்டார்கள். கடை என்றால் திரைமேல் ஒரு பக்கம்.

என்னிடம் கணக்குப் பார்க்கும் ஒரு பெண்மணி அப்படித் தொடங்கியவர். ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் பித்தளைச் சாமான் விற்கிறார். சில ஆண்டுகளுக்கு முன், நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரே ஆளிடமிருந்து நாற்பது குங்குமச் சிமிழுக்கு ஆர்டர் வந்தது. மொத்தமாக வாங்குவோருக்கு 12 சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருந்தார். மகிழ்ச்சியோடு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். விஜயதசமி கழிந்த மறுவாரம் இருபத்தாறு சிமிழ்கள் திரும்பி வந்தன. சிலவற்றில் குங்குமம் ஒட்டியிருந்தது. அவற்றுக்குக் கொடுத்த விலை முழுதும் வாங்கியவருக்குப் போய்விட்டது. அவர் வைத்துக்கொண்டது பதினான்கு. அந்தப் பதினான்கும் நாற்பதுக்கு உரிய தள்ளுபடி விலையிலேயே நின்றன. திரும்பி வந்ததில் பாதிக்கு மேல் 'விற்கத் தகாதது' என்று கிடங்கில் முத்திரை விழுந்தது. மீதியை மறுபடி விற்கப் பண்டிகை இல்லை. அன்று மாலை அந்தப் பெண்மணி என் அலுவலகத்தில் உட்கார்ந்து, 'நான் எங்கே தப்புப் பண்ணினேன் சார்?' என்று கேட்டார். கணக்கில் அவர் தப்பு எதுவும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இவ்வளவும் படித்தேன்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு. ஒரு பித்தளை விளக்கு, விலை 30 டாலர். சரக்கு, கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்ந்து கிடங்குக்கு வரும்போது அடக்கம் 11 டாலர். தளத்தின் தரகு 15 சதவீதம், அதாவது 4.50. பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்பும் கூலி 6. கிடங்கு வாடகை, பொதி போன்றவை 3. விற்றவருக்கு மிஞ்சுவது 5.50 டாலர். விளம்பரத்தை நான் சேர்க்கவில்லை. இப்போது மொத்தக் கொள்முதலுக்கு 10 சதவீதம் தள்ளுபடி. விலை 27, தரகு 4.05. மற்றச் செலவுகள் அப்படியே. மிஞ்சுவது 2.95. வாங்குகிறவருக்குப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. விற்கிறவரின் லாபத்தில் ஏறக்குறையப் பாதி போயிற்று.

அடுத்து, அந்த விளக்குகளில் ஒன்று சொட்டையோடு திரும்பி வருகிறது. 27 டாலரும் திருப்பித் தரப்படுகிறது. அமேசானில், பணம் திருப்பித் தரும்போது தரகில் 20 சதவீதத்தை, 5 டாலருக்கு மிகாமல், நிர்வாகக் கட்டணமாக வைத்துக்கொள்வது வழக்கம். அதே விதியை இங்கே வைத்தால் 81 சென்ட். அனுப்பிய கூலி 6 போயிற்று, இதர செலவு 3 போயிற்று, சரக்கு 11 போயிற்று. மொத்த நட்டம் 20.81. ஒன்றுக்கு 2.95 மிஞ்சும் வியாபாரத்தில் இதை ஈடுகட்ட ஏழு விளக்கு விற்றாலும் கொஞ்சம் குறையும். தள்ளுபடி இல்லாமல் விற்றிருந்தால் நான்கு போதும். தள்ளுபடியைத் தனியாகவும் வாபஸைத் தனியாகவும் பார்க்கிறவருக்கு இரண்டும் தாங்கக்கூடியவை. ஒரே பெட்டியில் இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் முதுகு ஒடிகிறது.

இது எப்போதாவது நேரும் விபத்தும் அல்ல. அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் 2023-இல் திரும்பி வந்த சரக்கின் மதிப்பு 743 பில்லியன் டாலர் என்று தேசியச் சில்லறை வணிகர் கூட்டமைப்பு மதிப்பிட்டது. எல்லா விற்பனையிலும் 14.5 சதவீதம், இணைய விற்பனையில் மட்டும் 17.6 சதவீதம். ஆறில் ஒன்றுக்கும் மேல். 2024-க்கு அதே கூட்டமைப்பின் மதிப்பீடு 890 பில்லியன்.

மொத்தமாக வாங்கினால் ஏன் விலை குறைய வேண்டும்? நூறு பொருளை நூறு பேருக்கு நூறு தடவை கட்டி அனுப்புவதைவிட ஒருவருக்கு ஒரே தடவை அனுப்புவது மலிவு. அந்த மிச்சத்தில் ஒரு பங்கை வாங்குகிறவருக்குக் கொடுப்பது நியாயம். இந்த நியாயத்தை அமெரிக்கா ஒரு சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. அதில் டெக்சாஸுக்கும் நியூ ஜெர்சிக்கும் தொடர்பு உண்டு. 1930-களின் தொடக்கத்தில் 'கிரேட் அட்லாண்டிக் அண்டு பசிபிக் டீ கம்பெனி' என்ற மளிகைச் சங்கிலிக்கு, சுருக்கமாக ஏ அண்டு பி என்பார்கள், நாடெங்கும் பதினைந்தாயிரத்துக்கு மேல் கடைகள் இருந்தன. மொத்தமாக வாங்குகிறோம் என்ற பலத்தில் தயாரிப்பாளர்களிடம் தனிச் சலுகைகள் பெற்றார்கள். மூலைக்கடைக்காரர் நசிந்தார். டெக்சாஸின் டெக்சர்கானாப் பகுதியிலிருந்து காங்கிரஸுக்குச் சென்ற ரைட் பேட்மனும், ஆர்கன்சாஸ் செனட்டர் ஜோசப் ராபின்சனும் கொண்டுவந்த மசோதா 1936 ஜூனில் சட்டமானது. ஒரே சரக்கைப் போட்டி வணிகர்கள் இருவருக்கு வெவ்வேறு விலையில் விற்றுப் போட்டியைக் கெடுக்கக்கூடாது. அளவு கூடுவதால் செலவில் உண்மையாகவே மிச்சமாகும் அளவுக்கு விலையைக் குறைக்கலாம் என்பது அதன் சாரம். பிற்காலத்தில் நம் நியூ ஜெர்சியின் மான்ட்வேல் நகரில் தலைமையகம் வைத்திருந்த ஏ அண்டு பி, 2015-இல் திவாலாகிக் கடைகளை மூடியது. சட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது. பல ஆண்டுகள் தூங்கிய அதை எடுத்து, கூட்டரசு வணிக ஆணையம் 2024 டிசம்பரில் சதர்ன் கிளேசர்ஸ் என்ற மது விநியோக நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. 2025 ஜனவரியில் பெப்சிகோ மேல் போட்டதை மே மாதம் திரும்பப் பெற்றுக்கொண்டது.

வீட்டுக்கு வாங்குகிறவருக்குத் தரும் தள்ளுபடியை அந்தச் சட்டம் தொடுவதில்லை. எனக்கு வேண்டியது அதிலுள்ள அளவுகோல்: மிச்சமானால் கொடு. இந்த அளவுகோலை இணையச் சந்தையில் வைத்துப் பாருங்கள். அமேசான் கிடங்கிலேயே சரக்கை வைத்து அங்கிருந்தே அனுப்பும் எஃப்.பி.ஏ. முறை 2006-இல் வந்தது. அதில் அனுப்பும் கூலி உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. பத்து விளக்கு ஒரே வீட்டுக்குப் போனாலும் விற்கிறவர் கட்டுவது பத்துக் கூலி. ஒரே பெட்டியில் போனால் அட்டையும் வண்டியும் ஆள்கூலியும் மிச்சமாகும். அந்த மிச்சம் விற்கிறவரின் கணக்குக்கு வருவதில்லை. தள்ளுபடி மட்டும் அவர் கணக்கிலிருந்து போகிறது. என் அப்பா கொசுறு கொடுத்தபோது, அது அவருடைய மிச்சத்திலிருந்து கொடுத்தது.

தள்ளுபடி போடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று கேட்கலாம். உண்மை, பொத்தானை அழுத்துகிறவர் விற்கிறவர்தான். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் அதே சிமிழை இருபது பேர் விற்கும் திரையில் தள்ளுபடிச் சீட்டு ஒட்டாத பக்கம் யார் கண்ணிலும் படுவதில்லை. சரி, அந்தத் தளத்தில் விலையைக் குறைக்காமல் தன் சொந்தத் தளத்தில் குறைக்கலாமா? வேறெங்கும் மலிவாக விற்கிறவரை அமேசான் பின்னுக்குத் தள்ளித் தண்டிக்கிறது என்பதே கலிபோர்னியா அரசு 2022 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் போட்ட வழக்கின் மையம். 2023 செப்டம்பரில் கூட்டரசு வணிக ஆணையமும் பதினேழு மாநிலங்களும் போட்ட வழக்கிலும் இதே குற்றச்சாட்டு உண்டு. நியூ ஜெர்சி அந்தப் பதினேழில் ஒன்று. அமேசான் மறுக்கிறது, தீர்ப்பு வரவில்லை.

வாபஸ் விஷயத்துக்கு வருகிறேன். திருப்பித் தரும் உரிமை இந்நாட்டில் சட்டம் தந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மனம் மாறியதற்காகத் திருப்பித் தரும் பொது உரிமை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கினால் பதினான்கு நாள் அவகாசம் சட்டப்படி உண்டு. இங்கே நியூ ஜெர்சியும் கலிபோர்னியாவும் கேட்பது, உன் வாபஸ் விதியைக் கடையில் எழுதி ஒட்டு என்பதுதான். ஒட்டாவிட்டால் வாங்கியவர் நியூ ஜெர்சியில் இருபது நாளுக்குள்ளும் கலிபோர்னியாவில் முப்பது நாளுக்குள்ளும் திருப்பித் தரலாம். ஆக, வாபஸ் என்பது விற்கிறவர் தரும் வாக்கு. 1872-இல் சிகாகோவில் அஞ்சல்வழி வணிகம் தொடங்கிய மான்ட்கோமரி வார்டு, 1875-இல் 'திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ்' என்று அறிவித்தார். கண்ணால் பார்க்காமல் வாங்கும் பண்ணைக் குடும்பங்கள் அவரை நம்பியது அதனால்தான். வாக்கும் அவருடையது, நட்டமும் அவருடையது.

இன்று வாக்குக் கொடுப்பது ஒருவர், நட்டப்படுவது இன்னொருவர். தன் வீட்டிலிருந்தே சரக்கை அனுப்பும் விற்பனையாளரும், அமேசானின் விதிக்குட்பட்ட வாபஸ் கோரிக்கையை மறுபேச்சில்லாமல் ஏற்கும் முறை 2017 அக்டோபரில் வந்தது. 2023-இல் 'அடிக்கடி திருப்பி அனுப்பப்படும் பொருள்' என்ற எச்சரிக்கை சில பொருள்களின் பக்கத்தில் தோன்றத் தொடங்கியது. 2024 ஜூன் முதல், வாபஸ் வீதம் வரம்பை மீறினால் எஃப்.பி.ஏ. விற்பனையாளர் தனிக் கட்டணமும் கட்ட வேண்டும். மோசமான சரக்கை விற்கிறவருக்கு இது சரியான தண்டனை. ஆனால் நாற்பது வாங்கி, பண்டிகை முடிந்து இருபத்தாறைத் திருப்புகிறவரால் வீதம் ஏறும்போதும் அதே தண்டனைதான். பட்டுப்பாவாடையை நான்கு அளவில் வாங்கி, குழந்தைக்குப் போட்டுப் பார்த்து, மூன்றைத் திருப்பினாலும் செலவு விற்கிறவருடையதுதான். அளவு தெரியாமல் வாங்கும் தாயை நான் குறை சொல்லவில்லை. துணியைத் தொட்டுப் பார்க்க முடியாத கடையில் வாபஸ் இல்லாமல் யாரும் வாங்க முடியாது. அந்தச் செலவு யார் தலையில் விழ வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

சென்ற ஆண்டு டாலஸ் அருகே என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் என்னை ஒரு 'பின் ஸ்டோர்' பார்க்க அழைத்துப் போனாள். திரும்பி வந்த சரக்கைப் பெரிய மரத்தொட்டிகளில் கொட்டி வைத்திருப்பார்கள். சரக்கு இறங்கும் நாளில் எதை எடுத்தாலும் ஒரு விலை. ஒவ்வொரு நாளும் விலை இறங்கும். கடைசி நாளில் ஒரு டாலர், இரண்டு டாலர். ஒரு தொட்டியின் அடியில் பிரிக்கப்படாத அட்டைப்பெட்டி ஒன்று. உள்ளே ஒரு டஜன் பித்தளை அகல், ஒவ்வொன்றும் மெல்லிய தாளில் சுற்றி, மேலே மஞ்சள் நூல் கட்டி. யாரோ ஒரு பெண் இரவு முழுக்க உட்கார்ந்து கட்டியிருக்கிறாள். பெட்டியோடு இரண்டு டாலர். வாங்கி வந்தேன்.

சரக்கு யாருடையது என்ற கேள்வியை நீதிமன்றங்களும் கேட்டிருக்கின்றன. கலிபோர்னியாவில் ஒருவர் அமேசானில் வேறொரு விற்பனையாளரிடம் வாங்கிய மடிக்கணினி பேட்டரி வெடித்து அவருக்குத் தீக்காயம் ஏற்பட்டது. விற்பனைச் சங்கிலியில் நடுவே நின்று பணத்தையும் சரக்கையும் கையாண்ட அமேசானும் பொறுப்பாகும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் சொன்னது. டெக்சாஸில், ரிமோட்டின் பேட்டரியைக் குழந்தை விழுங்கிய வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 2021-இல் வேறு விதமாகச் சொன்னது: சரக்கின் உரிமை அமேசானிடம் ஒருபோதும் இல்லை, ஆகவே அது விற்பனையாளர் ஆகாது. இரண்டு தீர்ப்புக்கும் அந்தந்த மாநிலச் சட்டத்தில் ஆதாரம் உண்டு. ஆனால் டெக்சாஸ் சொல்வதை ஏற்றால், அடுத்த கேள்வி தானாக எழுகிறது. தனக்கு உரிமையில்லாத சரக்கை எத்தனை நாளுக்குள் திருப்பலாம், எவ்வளவு பணம் திருப்ப வேண்டும், எது விற்கத் தகாதது என்றெல்லாம் தீர்மானிக்கும் உரிமை மட்டும் தளத்துக்கு எங்கிருந்து வந்தது? விதியை வகுப்பவர் அந்த விதியின் நட்டத்தில் பங்கு ஏற்க வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வணிகர்களுக்கானது. பிறர் பொருளைத் தன் பொருள்போல் பேணுவதையே அது வணிகம் என்கிறது. நீதி வழுவாமையைச் சொல்லும் அதிகாரத்தில் வணிகருக்கு வள்ளுவர் இடம் வைத்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன். கிடங்கில் இருக்கும் சிமிழ் பிறர் பொருள். அது தன்னுடையதாக இருந்திருந்தால், குங்குமம் ஒட்டித் திரும்பி வந்ததற்குத் தளம் முழுப் பணத்தையும் கொடுத்திருக்குமா?

அந்தப் பெண்மணி இப்போது என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். பெரிய தளத்தில் மொத்தத் தள்ளுபடியை எடுத்துவிட்டார். அங்கே ஒன்று, இரண்டு என்றுதான் விற்கிறார். மொத்த வியாபாரத்தை வாட்ஸ்அப் குழுவுக்கு மாற்றிக்கொண்டார். இருபத்தைந்துக்குக் குறையாமல் எடுக்க வேண்டும், முன்பணம் பாதி, பெயர் எழுதிய பையை வாபஸ் எடுப்பதில்லை, தாள் பிரிக்காத பொருளை ஒரு வாரத்துக்குள் கொடுத்தால் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு எடுத்துக்கொள்வார். கும்பகோணத்து மண்டியின் விதி அப்படியே எடிசனின் ஓக் ட்ரீ ரோட்டுக்கு வந்துவிட்டது. அவரிடம் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பதில்லை. தேவையை எண்ணி வாங்குகிறார்கள். விற்பனை முன்னைவிடக் குறைவுதான். வருட முடிவில் கையில் நிற்பது கூடியிருக்கிறது.

ஆனால் எல்லோரும் வாட்ஸ்அப்புக்கு ஓடிவிட முடியாது. அமேசானில் விற்கும் பொருள்களில் வெளி விற்பனையாளரின் பங்கு 1999-இல் 3 சதவீதம், 2018-இல் 58 சதவீதம் என்று அந்நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸே தன் பங்குதாரர் கடிதத்தில் எழுதினார். கூட்டம் அங்கேதான் இருக்கிறது. ஆகவே மாற்றமும் அங்கேதான் வர வேண்டும்.

கலிபோர்னியாவின் பே ஏரியாவிலிருந்து இணையவழியில் கேட்டுக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். விற்பனைத் தளங்களுக்கு நிரல் எழுதுகிறவர்கள் உங்களிடையே நிச்சயம் இருப்பீர்கள். நாற்பது வாங்கியவர் இருபத்தாறைத் திருப்பினால், மிச்சம் பதினான்குக்கு என்ன தள்ளுபடியோ அதை மறுபடி கணக்கிட்டு, வித்தியாசத்தைத் திருப்பித் தரும் தொகையில் கழிப்பது கடினமான நிரல் அல்ல. வாங்கும்போதே அந்த விதியைத் திரையில் காட்டிவிட்டால் வாங்குகிறவருக்கும் வஞ்சனை இல்லை. ஒரே பெட்டியில் பல உருப்படி போனால் அனுப்பும் கூலியில் விற்கிறவருக்குப் பங்கு தருவதும் அப்படித்தான். உங்கள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள்.

இங்கே வந்திருக்கும் தாய்மார்களிடமும் ஒன்று கேட்கிறேன். இந்த நவராத்திரிக்கு வருகிறவர்களை எண்ணிவிட்டு வாங்குங்கள். நான்கைந்து மிஞ்சினால் அலமாரியில் வைத்துவிடுங்கள். பித்தளை கெட்டுப்போகாது, அடுத்த கொலுவுக்கு ஆகும்.